ஓடுகிற நாற்காலி

தொலைபேசி அடித்தபோது ஆர்வோ நியெமியின் இரண்டு கைகளும் ஒரு மோட்டாருக்குள் இருந்தன. கனடாவின் சட்பரியில் பிப்ரவரி வந்துவிட்டால் சக்கர நாற்காலிகளுக்கு ஏழரை பிடித்துவிடும். பனி வழுக்காமல் இருக்கச் சாலையெங்கும் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு கரைந்து, சக்கரத்தோடு ஏறி, மோட்டாரின் வயிற்றுக்குள் புகுந்து, அங்கே செம்பை உரசிக்கொண்டிருக்கும் கரித்துண்டுகளை ஊறவைத்துவிடும். கரித்துண்டு ஒட்டிக்கொண்டால் மின்சாரம் பாயாது. மின்சாரம் பாயாவிட்டால் நாற்காலி நடுத்தெருவில் நின்றுவிடும், அதில் உட்கார்ந்திருக்கும் ஆளோடு, உறைகிற குளிரில். அப்படி நின்றுபோன நாற்காலிகளை ஓடவைப்பதுதான் இருபத்தாறு வருடமாக ஆர்வோவின் வேலை.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"சார், என் பேர் கொலீன். நான் ஒரு நர்ஸ். ஜினெட் லாஃப்ராம்பாஸ் உங்க வாடிக்கையாளர்தானே? அவங்க அனுமதியோடதான் கூப்பிடறேன். கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு, அனுப்பறேன்."

"ஜினெட்டா? அவங்களுக்கு என்ன?"

"மருத்துவ உதவியோட இறக்கறதுக்கு விண்ணப்பிச்சிருக்காங்க. மதிப்பீடு பண்ற ரெண்டு பேர்ல நான் ஒருத்தி."

ஆர்வோ பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஜினெட்டுக்குப் பிறவியிலிருந்தே தசை நலிவு. வலது கையின் இரண்டு விரல்கள்தான் சொன்னபடி கேட்கும். அந்த இரண்டு விரலாலேயே நாற்காலியை ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வருபவர். அவருடைய முதல் மின்சக்கர நாற்காலியிலிருந்து இப்போதைய நான்காவது நாற்காலிவரை எல்லாவற்றையும் ஆர்வோதான் அளவெடுத்துப் பொருத்தினார். பத்தொன்பது வருடப் பழக்கம்.

ஆர்வோவை உலுக்கியது அது மட்டுமில்லை. சாவு நெருங்கிவிட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்த சட்டத்தை, சாவு அருகில் இல்லாத ஊனமுற்றவர்களுக்கும் நீட்டலாம் என்று ஒட்டாவா நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்த காலத்தில், அதை எதிர்த்து வீடியோ வழியாகச் சாட்சி சொன்னவர் ஜினெட். அன்றைக்குக் கடையில் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். "எங்க நாற்காலிதான்யா அது," என்று ஆர்வோ எல்லோரிடமும் காட்டிக்கொண்டார். சட்டம் நீண்டுவிட்டது. நீண்ட பகுதிக்குச் சில காவல்கள் வைத்தார்கள். இரண்டு பேர் தனித்தனியே மதிப்பிட வேண்டும், குறைந்தது தொண்ணூறு நாள் போக வேண்டும். வேதனையைக் குறைக்க என்னென்ன வழி உண்டு என்று விண்ணப்பித்தவருக்குச் சொல்லி, அவற்றைக் கொடுக்க முன்வந்திருக்க வேண்டும்.

கொலீன் கூப்பிட்டது அந்தக் கடைசிக் காவலுக்காகத்தான்.

"நாற்காலி சாய மாட்டேங்குது, அதனாலதான் புண் வந்ததுன்னு சொல்றாங்க. பழுது பாக்கற சேவை அவங்களுக்கு வழங்கப்பட்டிருக்கா சார்? எங்க படிவத்துல ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம் இருக்கு."

ஆர்வோ ஜினெட்டின் கோப்பைத் திறந்தார். மேலே, அவருடைய சொந்தக் கையெழுத்தில், வட்டம் போட்ட ஒரு எழுத்து இருந்தது. பி. தேதி செப்டம்பர் பதினொன்று. அதன் கீழே அக்டோபரில் அனுப்பிய கடிதத்தின் நகல்: உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது, உதிரிப்பாகம் வந்ததும் அழைப்போம்.

"கடிதம் அனுப்பியிருக்கோம்," என்றார். "வரிசையில இருக்கு."

"அப்ப ஆம்னு போட்டுக்கட்டுமா?"

"ஆம்."

பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் கேட்டது. "ரொம்ப நன்றி சார்," என்று கொலீன் வைத்துவிட்டார். மொத்தம் நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த 'பி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்கு வருகிற பழுதுகளை மூன்றாகப் பிரிக்கும் முறையை உண்டாக்கியவரே ஆர்வோதான். ஓடாத நாற்காலி ஏ. மூன்று நாளுக்குள் பார்க்க வேண்டும். ஓடுகிறது, ஆனால் ஏதோ பழுது என்றால் பி. உதிரிப்பாகம் வரும்போது பார்க்கலாம். துணி கிழிந்தது, பெயின்ட் உரிந்தது எல்லாம் சி. பழுது என்று யார் கூப்பிட்டாலும் கடையில் கேட்கும் முதல் கேள்வி "ஓடுதா?" என்பதுதான். வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த முறையை மெச்சினார்கள். ஆனால் குளிர்காலத்தில் தினமும் நான்கு ஏ வந்து விழும். பி என்பது நதியில் விட்ட கட்டைபோலப் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும்.

ஜினெட்டின் நாற்காலி ஓடியது. அதனால் பி.

சாய்வு என்றால் என்ன என்று ஆர்வோவுக்குத் தெரியாதா? அதை அவரைவிட அழகாக விளக்க ஊரில் ஆளே கிடையாது. இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார். அதிலிருந்து ஒரு திருகுத் தண்டு. தண்டு சுழன்றால் அதன்மேல் மாட்டிய மரை முன்னும் பின்னும் நகரும். மரை நகர்ந்தால் இருக்கை முழுவதும், ஆளோடு சேர்ந்து, தொட்டில்போலப் பின்னால் சாயும். நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நமக்கே தெரியாமல் நிமிடத்துக்கொரு தரம் அசைகிறோம். அசைய முடியாத ஒருவர் உட்கார்ந்தால், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, ரத்தம் போகிற நுண்குழாய்கள் மூடிக்கொள்ளும். சில மணி நேரத்தில் அந்த இடம் பட்டினியில் செத்துப்போகும். அரை மணிக்கொரு தரம் பின்னால் சாய்ந்தால் எடை முதுகுக்குப் போய்விடும், மூடிய குழாய்கள் திறந்துகொள்ளும். "நாம அசையற வேலைய இந்தத் திருகாணி செய்யுது," என்பார் ஆர்வோ, நாற்காலி வாங்க வருகிறவர்களிடம். சொல்லும்போது அவர் முகமே மலர்ந்துவிடும்.

எதைக் காட்டி அப்படிச் சொல்வார்?

அவர் தலையைத் தூக்கினார். கண்ணாடி ஜன்னல் ஓரம், முன்னறையில், விளக்கு வெளிச்சத்தில் அது நின்றிருந்தது. வாங்க வருகிறவர்களுக்கு இயக்கிக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கும் காட்சி நாற்காலி. ஒன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறது. ஜினெட்டினுடைய அதே மாடல், அதே சாய்வுத் தண்டு. போன செவ்வாய்க்கிழமைகூட ஆர்வோ அதை ஐந்து முறை சாய்த்து, ஐந்து முறை நிமிர்த்திக் காட்டியிருந்தார். யாரும் உட்காராத நாற்காலி.

ஜினெட்டின் மரை தேய்ந்துபோய், இருக்கை அசையாமல் நின்று ஐந்து மாதம். தொழிற்சாலையிலிருந்து தண்டு வரவில்லை, வரவில்லை என்று ஐந்து மாதமும் எழுதிக்கொண்டிருந்தவர், பத்தடி தள்ளி அது மேலும் கீழும் போய்வருவதைத் தன் கையாலேயே காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எடுக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. எடுக்கலாம் என்று தோன்றவே இல்லை. காட்சிக்கு உள்ளது காட்சிக்கு.

அவர் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்த் தரையில் மல்லாந்து படுத்தார்.

அழைப்புகளைப் பதிவு செய்யும் டார்லீன், காப்பிக் கோப்பையோடு வந்து அவர் கால்மாட்டில் நின்றார்.

"என்னப்பா இது, ஷோரூமைப் பிரிச்சு மேயற?"

"சாய்வுத் தண்டை எடுக்கறேன்."

"ரெண்டு மணிக்கு எஸ்பனோலாலேர்ந்து ஒரு குடும்பம் வருது. அவங்களுக்கு எதைச் சாய்ச்சுக் காட்டுவ? உன்னையா?"

"ஓட்டிக் காட்டு. சாயறதைப் படத்துல காட்டு."

"மேல கேட்டியா?"

"கேட்டா வேணாம்பாங்க."

"அதான் கேக்கலையா. இருபத்தாறு வருஷமா ஒரு வாஷர் எடுத்தாக்கூட எழுதி வெச்சிட்டு எடுக்கற ஆளு. உனக்கு ஏதாவது காய்ச்சலா? யாருக்கு இது?"

"ஜினெட்டுக்கு."

"ஜினெட் பி தானே?"

டார்லீன் எதையும் மனதில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. ஆர்வோ சொல்லிக்கொடுத்த கேள்வியைத்தான் கேட்டார். நாற்காலிக்கு அடியில் கிடந்த ஆர்வோ அடுத்த போல்ட்டைக் கழற்றினார். நர்ஸ் சொன்னதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது.

"ஆமா," என்றார். "பி."

"பி-ல நாப்பத்தோரு பேர் இருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும். எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுக்க நம்மகிட்ட இந்த ஒரு நாற்காலிதான் இருக்கு."

தண்டைப் பிணைக்கும் இரண்டு இரும்பு ஊசி, நான்கு போல்ட், ஒரு மின்இணைப்பு. தண்டு கையோடு வந்தது. மணியைப் பார்த்தார். நாற்பது நிமிடம்.

காலையில் பிரித்துப் போட்ட மோட்டாரை முடித்துவிட்டு அவர் போய்ச் சேரும்போது மணி இரண்டு. ஜினெட் வீட்டுக் கதவைத் திறந்தவர், அவரைக் கவனித்துக்கொள்ளும் லிகாயா. "பூட்ஸக் கழட்டிட்டு வாங்க, இப்பதான் தொடைச்சேன்," என்றார். உள்ளே களிம்பு வாடை. நாற்காலி வரவேற்பறை மூலையில் நின்றது, அதன்மேல் மடித்த போர்வைகள் அடுக்கியிருந்தன. நாற்காலி அலமாரியாகிவிட்டால் அந்த வீட்டில் நிலைமை சரியில்லை என்பது ஆர்வோவுக்குத் தொழிலில் கற்ற பாடம்.

படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

"யாரு? சாக்ஸ் சத்தத்தைப் பாத்தா பின்லாந்துக்காரன் மாதிரி இருக்கே."

"நான்தான் ஜினெட்," என்றார், பின்லாந்து வம்சத்து ஆர்வோ.

"அட, ஆர்வோவா? உயிரோட இருக்கியா? போன் எடுக்கலன்னதும் எனக்கு முன்னாடி நீ கெளம்பிட்டியோன்னு நெனச்சேன்."

ஜினெட் இடது பக்கமாக, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் தலையணைகள் அண்டக்கொடுத்திருந்தன. முகம் சிறுத்துவிட்டது. ஆர்வோ சுவர்ப் பக்கம் போய், அவர் கண்ணுக்குத் தெரியும்படி குந்தி உட்கார்ந்தார்.

"மறைக்காத, தள்ளு," என்றார் ஜினெட். "என் சிநேகிதனை மறைக்கற."

ஆர்வோ திரும்பிப் பார்த்தார். சுவரில் ஒரு பிளக் பாயின்ட். இரண்டு நீளக் கண்ணும், கீழே வட்டமாகத் திறந்த வாயும்.

"மூஞ்சியப் பாரு. ஏழு வாரமா என்னைப் பாத்து அதிர்ச்சி ஆகறவன் இவன் ஒருத்தன்தான்."

லிகாயா சிரித்தார். ஆர்வோவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தண்டு கொண்டுவந்திருக்கேன்," என்றார். "மாட்டிடறேன்."

நாற்காலியைப் படுக்கையறைக்குள்ளேயே கொண்டுவரச் சொன்னார் ஜினெட். பார்க்க வேண்டுமாம். லிகாயா அவரை வலது பக்கமாகத் திருப்பினார். திருப்புகையில் ஜினெட்டின் பற்கள் நெரிபட்டதை ஆர்வோ கேட்டார். பிறகு தரையில் படுத்து வேலையைத் தொடங்கினார். தேய்ந்த தண்டை உருவியபோது பித்தளைத் தூள் கையில் கொட்டியது.

"தொழிற்சாலைலேர்ந்து வந்துடுச்சா?" என்று கேட்டார் ஜினெட்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். காலையில் ஒரு 'ஆம்' எவ்வளவு சுலபமாக வந்தது.

"இல்ல. கடைல இருக்கற காட்சி நாற்காலிலேர்ந்து எடுத்தேன்."

"ஜன்னல் ஓரம் நிக்குமே, அதுவா?"

"அதுதான்."

"அது எத்தனை நாளா அங்க இருக்கு?"

"ஒம்பது வருஷமா."

ஆர்வோ இரும்பு ஊசியைத் துளைக்கு நேராகப் பிடித்துத் தள்ளினார்.

"கொலீன் கூப்பிட்டாளா?"

"ஆமா."

"எப்ப?"

"இன்னிக்குக் காலைல. ஒம்பதரை இருக்கும்."

ஜினெட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை.

"செப்டம்பர்ல நான் உக்காரணும்னு உங்களுக்கு எழுதினேன். அஞ்சு மாசம். சாகணும்னு அவங்களுக்கு எழுதினேன். அவங்க ஒரு போன் பண்ணினதும் அஞ்சே மணி நேரம்." குரல் உயரவே இல்லை. "இது என்ன கணக்கு ஆர்வோ? நீ எதையும் வெளக்குவியே. இதை வெளக்கு."

அவர் விளக்கினார். விளக்கத்தான் அவருக்குத் தெரியும். தரையில் மல்லாந்து கிடந்தபடி, கூரையைப் பார்த்து, ஏ என்றால் என்ன, பி என்றால் என்ன, அந்த முறையை யார் எழுதினார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். இதுவரை எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வாக்கியமும் தன் மேலேயே வந்து விழுகிறமாதிரி அவர் விளக்கியது இதுதான் முதல் தடவை.

"அப்ப நான் ஓடற நாற்காலி," என்றார் ஜினெட். "அதுல உக்காந்திருக்கறவளுக்கு எழுத்து எதுவும் கெடயாதா?"

"இல்ல."

"இத்தனை வருஷம் நாற்காலி பண்ற ஆளு நீ. நாற்காலி ஓடறதுக்கா இருக்கு? உக்கார்றதுக்கு இருக்கு. ஓட்டம் அப்பறம்."

ஆர்வோ எழுந்து உட்கார்ந்தார். இன்னும் இரண்டு இருந்தன, இரண்டையும் சொல்லாமல் அந்த வீட்டை விட்டுப் போக முடியாது.

"நவம்பர்ல ஒரு தரம் என் கைபேசிக்கே கூப்பிட்ட. உன் பேரைப் பாத்தேன். எடுக்கல."

"வேலையா இருந்திருப்ப."

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டு ஏலக்காய் ரொட்டி. உன்கிட்ட சொல்ல பதில் இல்ல. நீ கேலி பண்ணுவ, நான் சிரிப்பேன், அப்பறமும் பதில் இருக்காது. அதனால அடிக்க விட்டுட்டேன்."

ஜினெட் கண்ணை மூடிக்கொண்டார். "அன்னிக்கு ரெண்டு வெரல் அகலம் செவப்பு," என்றார். "தோல் கிழியல. என்ன பண்ணலாம்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். இப்ப லிகாயா தினம் ஒரு முழம் துணி வெச்சு அடைக்கறா."

லிகாயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொண்ணு," என்றார் ஆர்வோ. "காலைல அந்த நர்ஸ், பழுது பாக்கற சேவை வழங்கப்பட்டுதான்னு கேட்டாங்க. நான் ஆம்னுட்டேன். கடிதம் அனுப்பினோமே, அதை வெச்சு."

இப்போதுதான் ஜினெட்டுக்குக் கோபம் வந்தது. அழைப்பை எடுக்காததை மன்னிக்க முடிந்தவருக்கு இதை முடியவில்லை.

"ஆம்னா என்ன அர்த்தம் தெரியுமா? உதவி நீட்டினாங்க, இவ வேணாம்னுட்டான்னு அர்த்தம். நாளைக்கு நான் போயிட்டா என் கோப்புல அதுதான் இருக்கும். எல்லாம் கொடுத்தோம், அவளா போயிட்டான்னு. வீடியோல ஒட்டாவாவுக்கு நான் ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினதே இந்த ஒத்தை வார்த்தைக்காகத்தான். நீ பாத்தல்ல அன்னிக்கு?"

"பாத்தேன்."

"போனை எடு."

ஆர்வோ எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுப் படுக்கையின் மேல் வைத்தார். கொலீன் எடுத்ததும், வழங்கப்படவில்லை என்று சொன்னார்; கடிதம் மட்டும்தான் போனது, தண்டு கடையிலேயே இருந்தது, இன்றைக்குத்தான் மாட்டுகிறேன் என்றார். ஒரு மாணவன் ஒப்பிப்பதுபோல இருந்தது அவர் குரல்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார், எழுதிக்கறேன்," என்றார் கொலீன். எழுதி முடித்துக் கொஞ்சம் தயங்கினார். "எப்பன்னு நான் கேட்டிருக்கணும். எங்க படிவத்துல அந்தக் கேள்வி இல்ல. ஜினெட், இருக்கீங்களா? மன்னிச்சுக்குங்க."

"இருக்கேன் இருக்கேன்," என்றார் ஜினெட். "இன்னும் நாப்பத்தொரு நாள் இருப்பேன், சட்டப்படி."

தொலைபேசியை வைத்தபின் ஜினெட் தணிந்த குரலில் பேசினார். "அவமேல தப்பில்ல. விண்ணப்பம் போட்டப்பறம் வந்து ரெண்டு மணி நேரம் பக்கத்துல உக்காந்து, நான் சொன்னதை முழுசா கேட்டா. இந்த ஒரு வருஷத்துல என்கிட்ட அவ்வளவு நேரம் உக்காந்த ஒரே வெளியாள் அவதான். சாவுக்கு அவ்வளவு மரியாதை இருக்கு." பிறகு, "எங்க ஊனமுற்றோர் சங்கத்துல யாருக்கும் தெரியாது. எங்களுக்கு ஊசி வேணாம், உதவி வேணும்னு ஆர்ப்பாட்டத்துக்கு அட்டை எழுதிக் கொடுத்தவளே நான்தான். வெக்கமா இருக்கு ஆர்வோ. புண்ணைவிட அதுதான் அரிக்குது."

"இப்ப தண்டு மாட்டியாச்சு," என்றார் ஆர்வோ. சொன்னதுமே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று புரிந்தது.

"மாட்டிட்ட. ஆனா உக்கார முடியாதே. புண் மூடணும், அதுக்கு மாசக்கணக்கா ஆகும், மூடாமலும் போகலாம். இதுக்காக நான் மனசை மாத்திக்குவேன்னு நெனச்சுக்கிட்டுப் போகாத. நீ ஒரு திருகாணி கொண்டாந்த. வலி என்னுது, முடிவும் என்னுது." கொஞ்சம் நிறுத்தி, "சரி, போட்டுக் காட்டு," என்றார்.

ஆர்வோ பொத்தானை அழுத்தினார். யாரும் இல்லாத இருக்கை மெல்ல எழும்பிப் பின்னால் சாய்ந்தது, கால்தாங்கி உயர்ந்து ஜன்னலைப் பார்த்தது, நின்றது. பிறகு அதே நிதானத்தில் இறங்கியது. ஜினெட் இமைக்காமல் பார்த்தார்.

"இன்னொரு தரம்."

நான்கு தரம் சாய்த்து நிமிர்த்திக் காட்டினார். கடையில் செய்வதைப்போலவே.

"வியாழக்கிழமை சாயங்காலம் நூலகத்துல சங்கக் கூட்டம்," என்றார் ஜினெட். "மனநோய் மட்டும் இருக்கறவங்களுக்கும் அடுத்த மார்ச்லேர்ந்து இந்தச் சட்டம் வரப்போகுதுல்ல, அதைப் பத்திப் பேசறாங்க. நீ போய், அந்த ஏ, பி, சி-ய சொல்லு. காட்சி நாற்காலியையும் சொல்லு. என் பேரைச் சொல்லாத."

"எனக்குக் கூட்டத்துல பேச வராது."

"எனக்கு இப்ப உக்கார வராது. போ."

வியாழக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேரின் நாற்காலிகளுக்கு ஆர்வோ அளவெடுத்திருந்தார். அவரைப் பார்த்ததும், "அட, நாற்காலி டாக்டர் வந்துட்டாரு," என்று கையசைத்தார்கள். அது அவரை இன்னும் குறுக வைத்தது. தலைவி ஓடில், பார்வை இல்லாதவர், மேசைமேல் ஒரு கைபேசியை வைத்து, "ஜினெட் வீட்லேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க, உடம்பு சரியில்லையாம்," என்று அறிவித்தார்.

முதலில் விவாதம் நடந்தது. வார்ட் என்ற தாடிக்காரர், முப்பது வருடமாக மனச்சோர்வோடு போராடுபவர், எழுந்து சொன்னார்: "என் வேதனை உடம்புல தெரியல, அதனால அது வேதனையே இல்லன்னு சொல்ல நீங்க யாரு? கதவு எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும்." ஓடில், "கதவு இருக்கட்டும் வார்ட். அந்த ஒரு கதவுக்கு மட்டும் வரிசையே இல்ல, அதான் பயமா இருக்கு," என்றார். இரண்டு பேர் சொன்னதும் ஆர்வோவுக்குச் சரியாகவே பட்டது.

பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். அவர் குறிப்பு எதுவும் கொண்டுவரவில்லை. ஏ, பி, சி-யைச் சொன்னார். முதல் கேள்வி "ஓடுதா?" என்பதையும் அதை எழுதியது தான்தான் என்பதையும் சொன்னார். பி-யில் போட்ட ஒருவருக்குப் புண் வந்ததையும், அவருக்கு வேண்டிய தண்டைத் தான் வாரா வாரம் வாடிக்கையாளர்களுக்குச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்ததையும் சொன்னார். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரும் கை தட்டவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் கேட்டார். "என் தலைதாங்கி ஆடுதுன்னு ஆகஸ்ட்ல சொன்னேனே. நான் என்ன எழுத்து?"

"பி."

"எனக்கு வலது கைப்பிடி," என்றார் இன்னொருவர்.

"பி."

"எனக்கு?"

கோப்பு இல்லாமலே அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அந்த எழுத்தைச் சொன்னார். ஏழாவது ஆளுக்குச் சொல்லும் முன் நிறுத்தி, தண்ணீர் குடித்து, சொல்லி முடித்தார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இப்ப டாக்டர் சொல்லிட்டாரு," என்றது மேசைமேல் இருந்த கைபேசி. குரல் கரகரத்தது. "என் முறை. அந்தப் புண் என்னுது. அது மட்டும் இல்ல. புது வருஷத்தன்னிக்கு நானே விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். ஆமா, அந்த விண்ணப்பம்தான். உங்க எல்லாருக்கும் அட்டை எழுதிக் கொடுத்தவ. இன்னும் வாபஸ் வாங்கல. வாங்குவேனா தெரியல. வார்ட், கதவு வேணும்னியே, உன்னை இப்ப எனக்கு நல்லா புரியுது. ஆனா என்னை அந்தக் கதவுகிட்ட கொண்டுபோய் நிறுத்தினது என் தசை இல்ல. அது என்னன்னு சொல்றேன், எல்லாரும் கேளுங்க."

வார்ட் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் மூச்சுக் கருவியோடு இருந்த ஒருவர், காதருகே கையைக் குவித்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினார்.

ஆர்வோ மேசைக்குப் போய்க் கைபேசியை எடுத்தார். ஒலியை முழுசாகக் கூட்டினார். மேசையிலிருந்த காலிக் கண்ணாடிக் கோப்பைக்குள் அதை நிறுத்திவைத்தார். கோப்பை ஒலியைத் திரட்டி முன்னால் அனுப்பும். பிறகு கோப்பையின் வாயைப் பின்வரிசைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஜினெட் பேசி முடிக்கும்வரை அப்படியே நின்றார்.